இயந்திரம் எழுதியதற்கு நான் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:

"16 ஆண்டுகளாகத் திருச்சியில் வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறேன். பெரும்பாலும் மருந்து ஆய்வில் சேருகிறவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவங்கள். ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சி மூலமாக வேலை வருகிறது. போன வருடத்திலிருந்து அவர்கள் ஏ.ஐ. மொழிபெயர்த்ததை அனுப்பித் திருத்தச் சொல்கிறார்கள். வார்த்தைக்கு 1 ரூபாய் 50 பைசா வாங்கிக்கொண்டிருந்தேன்; இப்போது 60 பைசா. 'ஒரு நாளைக்கு 6,000 வார்த்தை திருத்தலாமே, வருமானம் குறையாது' என்கிறார்கள். திருத்தும்போது சில வாக்கியங்கள் எங்கோ பார்த்தவை போலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் 2015-இல் நானே எழுதியவை. என் எழுத்தை எனக்கே அனுப்பித் திருத்தச் சொல்கிறார்களா? அது யாருடைய சொத்து? வேலை முடிந்ததும் 'இதை மொழிபெயர்த்தது நான்' என்று ஒரு சான்றிதழில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? முன்பெல்லாம் ஒரு படிவம் முடிந்தால் மனசு நிறைந்திருக்கும். இப்போது எதையும் செய்த மாதிரியே இல்லை. 'அம்மா, நீ இப்ப என்ன வேலைம்மா பாக்குற?' என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சான்றிதழிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற கேள்விகள் ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது. இப்போது இருக்கும் வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த வாசகம் உண்மை இல்லை, அவ்வளவுதான். நீங்கள் மொழிபெயர்க்கவில்லை, இயந்திரம் தந்த வரைவை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினீர்கள். அது தாழ்ந்த வேலை இல்லை, வேறு வேலை. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு) 17100 தரநிலை 2015-இல் வந்தபோதே, இயந்திர வரைவைத் திருத்தித் தருவது தன் வரம்புக்குள் வராது என்று சொல்லிவிட்டது. திருத்தும் வேலைக்கென்று 2017-இல் ஐஎஸ்ஓ 18587 தனியாக வந்தது. உங்கள் சான்றிதழின் ஓரத்தில் 17100 என்ற எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஏஜென்சி எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் தருகிறது என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

அந்தக் காகிதம் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். அது மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியின், அதாவது மருந்து ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின், கோப்புக்குப் போகிறது. நம் நாட்டில் 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருந்து ஆய்வுகள் பற்றிய விதிகளின்படி, ஆய்வில் சேருகிறவருக்குப் புரிகிற மொழியில், தொழில்நுட்பச் சொற்களின் நெரிசல் இல்லாமல் விளக்கிய பிறகுதான் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். தமிழ்ப் படிவம் அந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறது என்பதற்கு ஆதாரமாக வைக்கப்படும் காகிதங்களில் ஒன்று உங்கள் சான்றிதழ். நாளைக்கு ஒரு நோயாளி "எனக்கு இதை இப்படிச் சொல்லவே இல்லையே" என்று கேட்டால், முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது அதுதான். அப்போது இயந்திரத்தை யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள்.

ஆகவே ஏஜென்சிக்கு இந்த வாசகத்தை அனுப்புங்கள்: "இயந்திர மொழிபெயர்ப்பாக எனக்குத் தரப்பட்ட வரைவை, ஆங்கில மூலத்துடன் வரிக்கு வரி ஒப்பிட்டு முழுமையாகத் திருத்தியிருக்கிறேன். என் அறிவுக்கு எட்டியவரை இந்தத் தமிழ் வடிவம் மூலத்தின் பொருளைச் சரியாகத் தருகிறது." இதற்குக் கீழே தயங்காமல் கையெழுத்துப் போடலாம். ஒப்புக்கொள்ள மறுத்தால், மறுப்பை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் மறுக்க அவர்கள் யோசிப்பார்கள் என்பது என் அனுபவம்.

சரி, இப்போது சொத்துக்கு வருவோம்.

நான் பதிப்புரிமை வழக்குகள் பார்க்கிறவன். வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் மூன்று வருடம் கிரயப் பத்திரங்களையும் சாட்சி வாக்குமூலங்களையும் மொழிபெயர்த்துத்தான் வாடகை கட்டினேன். இரவெல்லாம் உட்கார்ந்து செய்த ஒரு நீண்ட மொழிபெயர்ப்பு வேறொருவர் பெயரில் கோர்ட்டில் தாக்கலானதைப் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அதனால் உங்கள் கடிதத்தை வக்கீலாக மட்டும் படிக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டது உண்மையில் இரண்டு கேள்வி. இப்போது திருத்துவது யாருடையது என்பது ஒன்று. முன்பு எழுதியது யாருடையது என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் ஏஜென்சியோடு பேசும்போது இரண்டிலும் தோற்போம்.

முதல் கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் தந்த ஒரு தீர்ப்பு வழிகாட்டுகிறது. ஏ.ஐ. பற்றிய தீர்ப்பு இல்லை அது, ஆனால் உங்கள் நிலைமைக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஈஸ்டர்ன் புக் கம்பெனி என்ற பதிப்பகம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் திருத்திச் செம்மைப்படுத்தி அச்சிட்டு வந்தது. மோடக் என்பவர் தரப்பில் அதே தீர்ப்புகளைக் குறுந்தகட்டில் போட்டு விற்றார்கள். தீர்ப்பின் மூல வாசகம் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அப்படியானால் அதைத் திருத்தியவருக்கு என்ன உரிமை? எழுத்துப்பிழை திருத்தினேன், மேற்கோள் எண்களைச் சரிபார்த்துச் சேர்த்தேன், அழகாக வரிசைப்படுத்தினேன் என்பதற்கெல்லாம் உரிமை கிடையாது என்றது நீதிமன்றம். உழைப்பு மட்டும் போதாது. ஆனால் நீண்ட தீர்ப்பைப் பொருள் உணர்ந்து பத்தி பிரித்து எண்ணிட்டது, ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றைச் சுட்டியது, எந்த நீதிபதி ஒத்துப்போனார், யார் மாறுபட்டார் என்று பிரித்துக் காட்டியது ஆகியவற்றுக்கு உரிமை உண்டு என்றது. அவற்றுக்குச் சட்ட அறிவும், தேர்ந்து முடிவெடுக்கும் திறனும், சிறிதளவாவது படைப்புத்தன்மையும் தேவைப்பட்டன.

இதைக் கேட்டதும் எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுதான் வரும். சீவக சிந்தாமணியை எழுதியவர் திருத்தக்கதேவர். 1887-இல் அதை அச்சில் கொண்டுவந்தவர் ஐயர். அதில் ஒரு பாட்டும் அவர் எழுதியதில்லை. ஆனால் ஏட்டுக்கு ஏடு பாடம் மாறுபட்டுக் கிடந்த இடங்களில் இதுதான் சரியான பாடம் என்று முடிவுசெய்தவர் அவர். அதற்காகச் சமண சமயத்தைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் படித்தார். நம் மொழி அவரைப் பிழைதிருத்துபவர் என்று சொல்லவில்லை, பதிப்பாசிரியர் என்றது. ஆசிரியர் என்ற சொல் அதற்குள் இருக்கிறது. பிழைதிருத்துபவருக்கும் பதிப்பாசிரியருக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று தமிழ் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்? பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு நீங்கள் அனுப்பிய இரண்டு பக்க மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். பக்கவிளைவுகள் வரும் இடத்தில் இயந்திரம் இப்படி எழுதியிருக்கிறது: "நீங்கள் வாந்தி மற்றும் தலைச்சுற்றலை அனுபவிக்கலாம்." இலக்கணத்தில் பிழை இல்லை. அகராதியைப் பிரித்துப் பார்த்தாலும் பிழை இல்லை. ஆனால் தமிழில் 'லாம்' என்ற விகுதி இரண்டு வேலை செய்யும்: நடக்கக்கூடும் என்றும் சொல்லும், அனுமதி உண்டு என்றும் சொல்லும். 'அனுபவிக்கலாம்' என்றால் நம் காதில் இரண்டாவதுதான் முதலில் விழுகிறது. நீங்கள் அதை அடித்துவிட்டு, "உங்களுக்கு வாந்தி வரக்கூடும், தலை சுற்றக்கூடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நோயாளி தன் உடம்பைப் பற்றித் தான் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

அடுத்த பக்கத்தில் அதைவிட முக்கியமான ஓர் இடம். "எந்தக் காரணமும் கூறாமல் எந்த நேரத்திலும் உங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், இது உங்கள் பராமரிப்பைப் பாதிக்காது." இதிலும் தவறு என்று சிவப்பு மை போட எதுவும் இல்லை. நீங்கள் மாற்றியது: "காரணம் எதுவும் சொல்லாமலே நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம். விலகினாலும் இந்த மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைத்து வரும் சிகிச்சை குறையாது." ஒப்புதலைத் திரும்பப் பெறுவது என்றால் கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்குவது என்று ஒருவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு. 'விலகிக்கொள்ளலாம்' என்றதும் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. டாக்டருக்குக் கோபம் வருமோ, மருந்து நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இரண்டாவது வாக்கியம் எவ்வளவு பெரிய தைரியம்! ஆங்கில மூலத்திலும் அந்தப் பொருள்தான் இருந்தது. அது தமிழுக்கு வந்து சேர்ந்தது உங்கள் கையில்.

இந்த இரண்டு இடத்திலும் நீங்கள் பதிப்பாசிரியர். அதே பக்கத்தில் 'மற்றும்' என்பதை எடுத்துவிட்டு 'உம்' சேர்த்த இடங்களும், ஒற்று மிகாத இடங்களைச் சரிசெய்ததும் பிழைதிருத்தம். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அதுதான் தின்றிருக்கும். ஆனால் உரிமை என்று பேச உட்கார்ந்தால் கணக்கில் வருவது முதல் வகைதான்.

1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: கணினி உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமாக இருந்த நபரே ஆசிரியர். ஏஜென்சிகள் இதைப் பிடித்துக்கொண்டு "பட்டனை அழுத்தியது நாங்கள்" என்று வாதாடலாம். என் கருத்தில் அது அவ்வளவு தூரம் செல்லாது. பட்டனை அழுத்தி வந்தது வரைவு. கமிட்டிக்குப் போனது உங்கள் முடிவுகள் கலந்த இன்னொரு வாசகம். அமெரிக்காவில் இன்னும் கறாராக இருக்கிறார்கள். மனிதர் கை படாமல் இயந்திரம் மட்டுமே உருவாக்கியதற்குப் பதிப்புரிமை இல்லை என்று 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தேலர் என்பவர் தொடுத்த வழக்கில் சொன்னது. அதற்கு இரண்டு மாதம் முன்பு அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம், கட்டளை தட்டச்சு செய்வது மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது, வெளிவந்ததை அவர் தேர்ந்து, மாற்றி அமைத்த பகுதிக்கு உரிமை உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. என் பார்வையில் இரண்டு நாட்டிலும் தேடப்படுவது ஒன்றுதான்: முடிவு எடுத்தது யார்?

அதனால், செய்த முடிவுகளுக்குத் தடயம் வையுங்கள். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு சின்னக் குறிப்பேடு. வரைவில் என்ன இருந்தது, எதற்கு மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி போதும். படிவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடம் இருந்தால் அதிகம். வாடிக்கையாளரின் ரகசியம் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தை வெளியில் இலவசமாகக் கிடைக்கும் ஏ.ஐ. செயலியில் ஒட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்; நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு நிபந்தனையை அது மீறும்.

இரண்டாவது கேள்விதான் வலிக்கிறது. உங்கள் எழுத்து உங்களிடமே திரும்பி வருவது.

முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் ஒரு குறி இருக்கும். அங்கே 100, 92 என்று சதவீதம் இருந்தால் அது டிஎம், அதாவது பழைய மொழிபெயர்ப்புகளை வாக்கியம் வாக்கியமாகச் சேமித்து வைத்த நினைவகம். அதில் உங்கள் 2015 வாக்கியம் அப்படியே இருப்பதில் மர்மம் இல்லை. 1990-களில் டிஎம் பரவியபோதே ஏஜென்சிகள் இதை வைத்து மொழிபெயர்ப்பாளர்களிடம் தள்ளுபடி கேட்க ஆரம்பித்துவிட்டன. இயந்திரம் தந்த வாக்கியமானால் அதற்கென்று வேறு குறி இருக்கும். அந்தக் குறியோடும் உங்கள் வாக்கியம் வந்தால், உங்கள் பழைய வேலையை வைத்து இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் இல்லை, ஃப்ரீலான்ஸ். சம்பள ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. உங்களுக்கு அது பொருந்தாது. மொழிபெயர்ப்பும் சட்டப்படி ஓர் இலக்கியப் படைப்பு. அதன் முதல் உரிமையாளர் நீங்கள். அந்த உரிமை கைமாற வேண்டுமானால் 19-ஆம் பிரிவின்படி எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு மாற வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். மின்னஞ்சலில் பிஓ (வேலைக்கான ஆர்டர்) அனுப்பி, வேலை வாங்கி, பணம் போட்டுவிட்டால் எல்லாம் தங்களுடையது என்று ஏஜென்சிகள் நினைத்துக்கொள்கின்றன. பணம் கொடுத்த நோக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி அவர்களுக்கு உண்டு. உரிமை முழுவதும் மாறிவிட்டது என்று ஆகிவிடாது.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தால்? அப்போதும் ஒரு வாசல் இருக்கிறது. 2012 திருத்தத்தில் 18-ஆம் பிரிவில் ஒரு வாசகம் சேர்ந்தது: உரிமை எழுதிக் கொடுத்த காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலொழிய. திரைப்படப் பாடலாசிரியர்களும் கதாசிரியர்களும் பழைய ஒப்பந்தங்களால் ஏமாந்த கதைகளுக்குப் பிறகு வந்த பாதுகாப்பு இது. ஏ.ஐ. பயிற்சி என்பது அப்படியொரு புதிய பயன்பாட்டு முறை என்று உங்களுக்காக நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால், வாக்கிய ஜோடிகளை வைத்துப் பயிற்சி கொடுத்த இயந்திர மொழிபெயர்ப்பு 2006-லிருந்தே கூகுளில் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறதே என்று மறுப்பேன். டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது 2024 நவம்பரில் தொடுத்த வழக்கு பயிற்சிக்கும் பதிப்புரிமைக்கும் உள்ள உறவைத்தான் கேட்கிறது. நீங்கள் தனியாக வழக்குக்குப் போகும் நேரம் இது இல்லை என்பதே என் ஆலோசனை. ஆனால் ஏஜென்சியோடு பேசும்போது 18-ஆம் பிரிவை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், கேட்கக் கஷ்டமாக இருக்கும். கடிதத்தின் பின்குறிப்பில் எழுதியிருந்தீர்களே, "பார்க்க மருந்து போலவே இருக்கும், மருந்து எதுவும் இல்லாத மாத்திரை" என்று பிளசிபோவுக்கு நீங்கள் போட்ட தொடர், அதை உங்கள் சொத்து என்று சட்டப்படி பிடித்து வைக்க முடியாது. படிவம் முழுவதற்கும் உரிமை இருக்கலாம், நாலைந்து சொல் கொண்ட ஒரு தொடருக்குக் கிடைக்காது. நல்ல சொல்லாக்கம் எல்லோர் வாயிலும் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு முன்பு 'மருந்துப்போலி' என்று எழுதி, நோயாளிக்குப் 'போலி மருந்து கொடுக்கப் போகிறார்கள்' என்று பயம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயத்தை நீக்கியது உங்கள் தொடர். பெயர் இல்லாமல் அது பரவியிருப்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா, இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெயர் என்றதும் 57-ஆம் பிரிவு. உரிமையை முழுவதும் விற்றுவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் உங்களிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்ததை எதிர்த்து சிற்பி அமர்நாத் சேகல் மத்திய அரசோடே வழக்காடினார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், மிஞ்சிய சிற்பத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. நீங்கள் முடித்துக் கொடுத்த படிவத்தை அடுத்த பதிப்பில் இயந்திரம் மாற்றியமைத்து, உங்கள் பழைய சான்றிதழையே அதோடு இணைத்தால், அதைத் தடுக்கச் சொல்ல இந்தப் பிரிவு துணைக்கு வரும்.

கூலிக் கணக்கைப் பார்ப்போம். பழைய முறையில் நாளுக்கு 2,500 வார்த்தை என்று வைத்தால் 3,750 ரூபாய். ஏஜென்சி சொல்லும் 6,000 வார்த்தைக்கு 60 பைசா வீதம் 3,600 ரூபாய். வருமானம் ஏறக்குறைய அதேதான் என்று தோன்றும். ஆனால் உங்கள் மாதிரியில் உள்ள அளவுக்குத் திருத்தம் தேவைப்பட்டால் 3,500-க்கு மேல் ஒரு நாளில் கவனம் சிதறாமல் முடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு 2,100 ரூபாய். பழைய வருமானம் வேண்டுமானால் 'வாந்தியை அனுபவிக்கலாம்' போன்றவற்றைப் பார்க்காமல் தாண்டிப் போக வேண்டும். நீங்கள் தாண்ட மாட்டீர்கள், தாண்டவும் கூடாது. அதனால் இரண்டு வாரம் மணிக்கணக்கைக் குறித்து வைத்து, மணிக்கூலி கேளுங்கள். அல்லது எவ்வளவு மாற்றப்பட்டிருக்கிறது என்று அளந்து, அதற்குத் தகுந்தபடி கூலி கேளுங்கள். வரைவையும் இறுதி வடிவத்தையும் ஒப்பிட்டு அளக்கும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது.

இது கேட்கக்கூடாத கேள்வி இல்லை. 2023-இல் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் மே 2-லிருந்து செப்டம்பர் 27 வரை, 148 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியதில் முக்கியமான ஒன்று இதுதான்: ஏ.ஐ. எழுதியதைக் கையில் கொடுத்து 'இதைத் திருத்தி எழுது' என்று சொல்லி எழுத்தாளரின் கூலியைக் குறைக்கக் கூடாது, கொடுப்பது ஏ.ஐ. எழுதியது என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தமிழில் அப்படி ஒன்று இல்லாததுதான் உங்கள் பலவீனம். உங்கள் ஏஜென்சிக்கே வேலை செய்யும் இன்னும் நாலு பேரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து பேர் ஒரே வாசகத்தோடு ஒரே வாரத்தில் மின்னஞ்சல் அனுப்பினால் பேச்சே வேறு.

மனசு நிறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. இருந்தாலும் அந்த வேலையை ஒரு காலத்தில் செய்தவனாக ஒன்று தோன்றுகிறது. இயந்திர வரைவைப் படித்துவிட்ட பிறகு வேறு வாக்கியம் மனதில் எழுவதே இல்லை. அது போட்ட பாதையிலேயே நம் காதும் நடக்கிறது. நாம் 'சரி, பரவாயில்லை' என்று தலையாட்டிக்கொண்டே போகிறோம். நாள் முழுக்க ஒரு முடிவும் எடுக்காமல் ஆயிரம் முறை சம்மதம் சொன்ன களைப்புத்தான் உங்களுக்கு. ஆகவே வரைவைத் திறக்கும் முன் ஆங்கில மூலத்தை முழுவதும் படித்துவிடுங்கள். ஆபத்து, பக்கவிளைவு, விலகும் உரிமை, இழப்பீடு வருகிற பகுதிகளில் இயந்திர வாக்கியத்தை மறைத்து வைத்துவிட்டு முதலில் உங்கள் வாக்கியத்தை எழுதுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். ஆய்வு மையத்தின் முகவரியையும் வருகை அட்டவணையையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு எல்லோரும் பேசும் ஏ.ஐ. மொழி மாதிரிகளின் அடித்தளமான ட்ரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பை 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, அவர்கள் அதைச் சோதித்துப் பார்த்த முதன்மையான வேலை மொழிபெயர்ப்புதான். ஆங்கிலம்–ஜெர்மனுக்கு 45 லட்சம் வாக்கிய ஜோடிகளை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தத் தொகுப்பில் ஐரோப்பிய நாடாளுமன்ற நடவடிக்கைகளின் மொழிபெயர்ப்பும் உண்டு. உங்களைப் போல மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் தேடிய யாரோ சில மொழிபெயர்ப்பாளர்களின் வாக்கியங்கள் அவை. அவர்களின் பெயர் அந்த ஆய்வுக் கட்டுரையில் இல்லை. உங்கள் தொழில் இந்த இயந்திரத்துக்கு வெளியே நின்று தோற்றுப்போன தொழில் இல்லை. அது கற்றுக்கொண்டதே உங்களைப் போன்றவர்களிடம்தான்.

மகளிடம் நீளமாக ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த இரண்டாவது பக்கத்தைக் காட்டுங்கள். இயந்திரத்தின் வாக்கியத்தைப் படித்துக் காட்டி, இதைக் கேட்டால் ஆய்விலிருந்து விலகலாம் என்று உன் பாட்டிக்குப் புரிந்திருக்குமா என்று கேளுங்கள். பிறகு உங்களுடையதைப் படியுங்கள்.

ஏஜென்சியோடு சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். உரிமை மாற்றம் பற்றிய பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் பெயர்களை அழித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். கால வரம்பும் நாட்டு வரம்பும் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 2015 படிவங்களுக்காக நீங்கள் அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதித் தருகிறேன். அதுவரை, இந்த வாரம் வரும் படிவத்துக்குப் புதிய சான்றிதழ் வாசகத்தோடு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.